மதிப்பீட்டாளருக்குச் சட்டம் எப்போது?

வீட்டுக் கடனுக்காக வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் எழுதும் தொகையைப் பொறுத்தே கடனின் அளவு அமைகிறது. கட்டணமோ பெரும்பாலும் கடன் கேட்பவர் தலையில்! கம்பெனிகள் சட்டத்தின்கீழ் 2017இல் வந்த விதிகள் மதிப்பீட்டாளர்களுக்கான தேர்வு, பதிவு, நடத்தை நெறி எல்லாவற்றையும் வகுத்தன. ஆனால், கம்பெனி, திவால் சட்டங்கள் கோரும் மதிப்பீடுகளுக்கே அவை கட்டாயம். ரூ.50 கோடியும் அதற்கு மேலும் போகும் சொத்துக்கு வங்கிகள் இரண்டு மதிப்பீடுகள் பெற வேண்டும் என்கிறது ரிசர்வ் வங்கி. சாமானியரின் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு அந்தந்த வங்கியின் பட்டியலில் உள்ளவர் சொல்வதே கணக்கு. அதில் பிழை இருந்தால் எங்கே முறையிடுவது? ஒன்றிய அரசு அமைத்த எம்.எஸ்.சாஹூ தலைமையிலான குழு 2020இல் மதிப்பீட்டாளர் மசோதாவின் வரைவையே எழுதிக் கொடுத்துவிட்டது. வங்கிக் கடன் மதிப்பீடுகளையும் உள்ளடக்கி, அதை ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சட்டமாக்க வேண்டும்.