தேறிய மதிப்பெண்ணோடு தவறிய விடைகளையும் வெளியிடுக

சாட்பாட்களை உருவாக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றைச் சோதிக்கும் ஆய்வாளர்களுக்கும், விலைக்கு வாங்கும் மருத்துவமனைகளுக்கும் முதுநிலை மருத்துவம் பயிலும் நாங்கள் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்.

2023-இல் ‘ரேடியாலஜி’ இதழில் வெளியான ஆய்வொன்றில், கதிரியல் சிறப்புத் தேர்வின் பாணியில் அமைந்த 150 கேள்விகளுக்குச் சாட்ஜிபிடி விடையளித்தது. 104 சரி. அந்த 69 விழுக்காட்டைப் பற்றியே பேச்சு. எங்களை உறுத்துவது மீதி 46. அவை அத்தனையையும் அது துளித் தயக்கமுமின்றி, உறுதியான நடையிலேயே சொன்னது.

ஆகவே எங்கள் தலையாய கோரிக்கை இது: மதிப்பெண்ணை அறிவிப்போர் தவறிய விடைகள் அனைத்தையும் உடன் வெளியிட வேண்டும். ஒவ்வொரு தவறும் நோயாளியை என்ன செய்திருக்கும் என்பதை அத்துறை நிபுணர்கள் குறிக்க வேண்டும். அரிய நோய் ஒன்றின் பெயர் பிசகுவதும், மகாதமனி கிழிந்திருப்பதைத் தசைவலி என்பதும் கொள்குறித் தாளில் ஒரே மதிப்பெண் இழப்புதான். அவசரப் பிரிவில் ஒன்று திருத்தம், மற்றது மரணம். வாய்மொழித் தேர்வில் ஆபத்தான விடை சொன்ன மாணவரை மற்ற விடைகள் காப்பாற்றுவதில்லை. இயந்திரத்துக்கு மட்டும் ஏன் சலுகை?

கேள்விகள் புதியனவாக இருக்க வேண்டும். எய்ம்ஸ், நீட் முதுநிலைத் தேர்வுகளின் 1,94,000-க்கும் மேற்பட்ட கேள்விகள் ‘மெட்எம்சிகியூஏ’ என்ற தொகுப்பாக 2022 முதல் எல்லோருக்கும் கிடைக்கின்றன. படித்த தாளையே மறுபடி எழுதித் தேறுவதைத் தேர்ச்சி என்று நாங்கள் ஏற்கமாட்டோம். பயிற்சியில் எந்தத் தொகுப்புகள் சேர்ந்தன என்பதை நிறுவனங்கள் அறிவிக்கட்டும்.

மேற்சொன்ன கதிரியல் ஆய்வின் கேள்விகளில் படம் ஒன்றுகூட இல்லை. படம் பார்க்காமல் கதிரியல் ஏது? படத்துடன் சோதித்த பிறகே அத்துறையின் பெயரைச் சொல்லுங்கள்.

ஒரு துறையின் மதிப்பெண்ணை இன்னொன்றுக்குக் கடன் தரவும் கூடாது. அதே 2023-இல் அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரியின் சுயமதிப்பீட்டுத் தேர்வில் தேற 70 விழுக்காடு வேண்டியிருந்தது. சாட்ஜிபிடியின் முந்தைய பதிப்பு 65.1 எடுத்தது, புதிய ஜிபிடி-4 எடுத்ததோ 62.4.

பொதுமக்களிடம் கொண்டுசெல்லுமுன் மக்களை வைத்தே சோதிக்க வேண்டும். ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் பிரிட்டனில் 1,298 பேரைக் கொண்டு சோதித்தார்கள். தனியாகக் கேட்டபோது 94.9 விழுக்காடு நேர்வுகளில் நோயை இனங்கண்ட சாட்பாட்கள், சாதாரண மனிதர் கையில் 34.5 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று நோயாளிக்குத் தெரியாது. அதைக் கேட்டு வாங்குவதுதான் மருத்துவம்.

இவை நிறைவேறும்வரை, தேர்வு மதிப்பெண்ணை மட்டும் காட்டி எந்தச் சாட்பாட்டையும் புறநோயாளிப் பிரிவில் அமர்த்தக் கூடாது. அமர்த்தினால், அதன் தவறுக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பதை அன்றே எழுத்தில் தர வேண்டும். இரவுப்பணியில் இருக்கும் பயிற்சி மருத்துவர் தலையில் அதைக் கட்டக் கூடாது.