சுவர் இருந்தால்தான் மாத்திரை!

பாக்டீரியாவை உலகத்தில் முதன்முதலாகப் பார்த்தவர் டாக்டரும் இல்லை, புரொபசரும் இல்லை. ஹாலந்து நாட்டு ஜவுளி வியாபாரி! பெயர் லீவன்ஹூக். தானே லென்ஸ் தேய்த்து, தண்ணீரில் நெளிந்த குட்டி ஜீவன்களைப் பார்த்து, 1676-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் போட்டார். பி.காம். படித்த நான் பயாலஜி பேச இந்தத் தைரியம் போதாதா?

பத்தாம் வகுப்புப் பையன்கள் மனப்பாடம் செய்கிற விஷயம்தான். செடியின் செல்லைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. செல்லுலோஸில் கட்டியது. முருங்கைக்காயைச் சவைத்துச் சவைத்துக் கடைசியில் துப்புகிறோமே, அந்தச் சக்கையில் இருப்பது பெரும்பாலும் இந்தச் சுவர்தான். பாக்டீரியாவுக்கு நியூக்ளியஸ் கிடையாது. மேனேஜர் ரூம் இல்லாத ஆபீஸ் மாதிரி, ஃபைல்கள் ஹாலிலேயே கிடக்கும். ஆனால் அதுக்கும் சுவர் உண்டு. சரக்கு வேறு: பெப்டிடோகிளைகான். (வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டுச் சொல்லவும்.) நம் செல்லுக்கோ சுவரே இல்லை. வெறும் சவ்வுதான்.

'இதனால் எனக்கென்ன சார்?' என்கிறீர்களா? இருக்கிறது.

1928-ல் ஃபிளெமிங் கண்டுபிடித்த பென்சிலின், பாக்டீரியாவின் கொத்தனார் கையைப் பிடித்துக்கொள்கிறது. சுவர் வேலை நின்றுபோகும். உள்ளே தண்ணீர் ஏறி பாக்டீரியா வெடிக்கும். நமக்குச் சுவரே இல்லாததால் நம் செல்லுக்கு அந்த ஆபத்து இல்லை.

சாதாரண சளி? அது வைரஸ் வேலை. வைரஸுக்குச் சுவரும் இல்லை, செல்லும் இல்லை. சுவர் இருந்தால்தானே சித்திரம்! ஆனாலும் நாம் மெடிக்கல் ஷாப்பில் போய் நிற்கிறோம். "அண்ணே, சளிக்கு நல்ல ஸ்ட்ராங்கா ரெண்டு மாத்திரை குடுங்க!"

அந்த ரெண்டில் நம் உடம்பிலுள்ள நோஞ்சான் பாக்டீரியாக்கள் சாகும். தாக்குப்பிடித்தவை பெருகும். வயிற்றில் வாழும் ஈ.கோலை, வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். கூட்டு வட்டி எனக்குத் தெரிந்த சப்ஜெக்ட்: ஒன்று, 8 மணி நேரத்தில் 1 கோடியே 67 லட்சம்! எந்த ஃபைனான்ஸ் கம்பெனியும் தராத வட்டி. தப்பிக்கும் வித்தையைப் பக்கத்து பாக்டீரியாவுக்கும் கொடுக்கும், பரீட்சை ஹாலில் 'பிட்' பாஸ் பண்ணுகிற மாதிரி. நாளைக்கு நிஜமாகவே நிமோனியா வந்து படுக்கும்போது மருந்து கேட்காமல் போவது இப்படித்தான். அளவு குறைந்தால் ஆபத்து என்று ஃபிளெமிங்கே 1945-ல், நோபல் பரிசு உரையில் எச்சரித்துவிட்டார்.

ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். செங்குத்தாக ஒரு சிவப்புக் கோடு இருக்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதே என்று அர்த்தம். 2016-ல் மத்திய அரசு இதற்காகப் பிரசாரமே நடத்தியது.

லட்சுமணன் போட்ட கோடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தாண்டினால் என்ன நடக்கும் என்று உங்கள் வீட்டுப் பாட்டியே சொல்வாள்.