எத்தனை தலையணை?

என் நாவல் ஒன்றில் ஒரு பெரியவரை நான் மாரடைப்பில் கொன்றிருக்கிறேன். மகளைப் பற்றி ஒரு செய்தி வருகிறது. அவர் மார்பைப் பிடித்துக்கொள்கிறார், நாற்காலியில் சாய்கிறார், கதை முடிந்தது. அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு அழுததாகப் பல வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இப்போது அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நான் ஒருவன் மட்டுமல்ல. கதை எழுதுகிறவர்களும் சினிமா எடுக்கிறவர்களும் கூடி, இருதய நோய் என்றால் அதிர்ச்சிச் செய்தி கேட்டுப் பொத்தென்று விழுவது என்று ஜனங்களுக்குப் பாடம் சொல்லி வைத்திருக்கிறோம். அதனால் வீட்டில் ஒருவருக்கு இருதயக் கோளாறு என்றதும் நாம் செய்கிற முதல் காரியம் அவரிடமிருந்து விஷயங்களை மறைப்பது. கடன்காரன் வந்து போனதை மறைக்கிறோம், பேரன் பரீட்சையில் தவறியதை மறைக்கிறோம். கடைசியில் அவருடைய நோயையே அவரிடமிருந்து மறைத்துவிடுகிறோம்.

என் அக்கா விஷயத்தில் அதைச் செய்தவன் நான்தான்.

அக்கா என்னைவிடப் பதினாறு வயது மூத்தவள். என்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள். அறுபதாவது வயதில் அவளுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, சாயங்காலமானால் கால் வீங்கியது. பெயர் பெற்ற ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். 'ஹார்ட் ஃபெயிலியர்' என்றார் டாக்டர். என் மனைவி தாழ்வாரத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். நம் வீடுகளில் 'ஃபெயில்' என்ற சொல்லுக்கு ஒரே அர்த்தம்தானே! அதைத் தமிழில் 'இருதயச் செயலிழப்பு' என்று போடுகிறார்கள். அதைப் படித்தால் ஆளே போய்விட்டார் என்று தோன்றும். உண்மையில் இருதயம் நின்றுவிடவில்லை, இறைக்கிற வலு குறைந்திருக்கிறது. பம்பு செட் தளர்ந்தால் வயலுக்குப் போக வேண்டிய தண்ணீர் போதாது, பின்னாலே தேங்கவும் செய்யும். தேங்குகிற நீர் காலில் இறங்குகிறது, நுரையீரலில் கோக்கிறது. விஷயம் இவ்வளவுதான். எட்டாம் வகுப்பு வரை படித்த என் அக்காவுக்கு இது புரியாதா? ஆனால் யாரும் சொல்லவில்லை.

யாரும் சொல்லவில்லை என்பதுகூடப் பொய். வீட்டுக்குப் புறப்படுகிற அன்று ஓர் இளம் நர்ஸ் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, "அம்மா, தினமும் காலை இப்படி அமுக்கிப் பாருங்க, குழி விழுந்தா..." என்று ஆரம்பித்தது. நான் குறுக்கே விழுந்தேன். "சிஸ்டர், அதெல்லாம் டாக்டர் பார்த்துப்பார். அக்காவைப் பயமுறுத்தாதீங்க. பில் ரெடியாயிடுச்சான்னு கொஞ்சம் பாருங்க" என்றேன். அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டது. ஆங்கிலத்தில் நாலு பக்கக் காகிதம், ஒரு பை நிறைய மாத்திரை, "உப்பு குறைச்சுக்கோங்க" என்று ஒரு வாக்கியம். இவற்றோடு அக்கா வீடு திரும்பினாள்.

ஏழு வாரம் கழித்து மாயவரத்தில் ஒரு கல்யாணம். வேனில் போக வேண்டும். தினமும் சாப்பிடுகிற நீர் மாத்திரையை அக்கா முதல் நாளே நிறுத்திவிட்டாள். கல்யாண வீட்டிலும் சாப்பிடவில்லை. ஏன்? வழியில் எங்கே இறங்குவது, எந்தக் கதவைத் தட்டுவது? ஆண்பிள்ளைகளுக்கு இந்தக் கஷ்டம் தெரியாது. பெண்களுக்குச் சொல்லாமலே புரியும். பந்தியில் அப்பளம், வடகம், ஊறுகாய். வீட்டிலோ சாதாரண உப்பை ஒழித்துவிட்டு இந்துப்பு. அது இருதயத்துக்கு நல்லது என்று யாரோ சொன்னார்களாம். அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புத்தான் என்பது அவளுக்கும் தெரியாது, பி.யூ.சி. வகையறாப் படிப்புப் படித்த எனக்கும் தெரியாது.

திரும்பி வந்த மறுநாள் இரவு அவளால் படுக்க முடியவில்லை. எங்களை எழுப்ப மனமில்லாமல் சுவரில் சாய்ந்தபடி விடிய விடிய உட்கார்ந்திருக்கிறாள். காலையில் உதடு நீலம் பாரித்திருந்தது. 108 வண்டி வந்தது. பிழைப்பாளா என்று இரண்டு நாள் தெரியவில்லை.

மூன்றாம் நாள் இரவு டியூட்டிக்கு ஒரு வயதான நர்ஸ் அம்மாள் வந்தார். முப்பது படுக்கைக்கு அன்றைக்கு இரண்டே பேர். அந்த அவசரத்திலும் அக்கா பக்கத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டார்: "எத்தனை தலையணை வச்சுப் படுப்பீங்கம்மா?"

இது என்ன கேள்வி என்று நினைத்தேன். அக்கா பளிச்சென்று பதில் சொன்னாள்: "மொதல்ல ஒண்ணு. போன மாசம் ரெண்டாச்சு. கல்யாணத்துக்குப் போறப்போ மூணு."

கதாசிரியனுக்குக் கவனிக்கிற கண் வேண்டும் என்று மேடை மேடையாகப் பேசுகிறவன் நான். என் வீட்டில் ஒரு தலையணை மூன்றானதை நான் கவனிக்கவில்லை. நுரையீரலில் நீர் ஏறுவதற்கு அதைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டியதில்லையாம்.

அந்த அம்மாள் பதினைந்து நிமிஷம் பேசினார். காலையில் பாத்ரூம் போய்விட்டு வந்து, காப்பி குடிக்கும் முன் எடை பார்க்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். உடனே போன் செய்ய வேண்டும். கருவாடு, அப்பளம், ஊறுகாய் எல்லாம் உப்புக் கணக்கில் சேரும். வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது, அது நீரைத் தேக்கும். "பிரயாணம்னா நீர் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாத்திக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டுச் சொல்றேன். நிறுத்த மட்டும் கூடாது. எங்கே, இப்போ நீங்க எனக்குச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார். அக்கா சொன்னாள். இரண்டு இடத்தில் தவறினாள், திருத்தினார். மறுபடியும் சொல்ல வைத்தார்.

"நோயாளிக்குச் சொன்னால் பயந்துவிடுவார், புரியாது" என்று வாதாடுகிறவர்களை நான் கேட்கிறேன். ஏகாதசி எந்த நாழிகையில் முடிகிறது என்று பஞ்சாங்கம் பார்க்கத் தெரிந்தவள், பன்னிரண்டு பேர் சீட்டுப் பணத்தைக் கணக்குத் தவறாமல் நடத்தியவள், தன் எடையை எழுத மாட்டாளா? பயம் வருவது தெரியாததால்தான். அந்த இரவில் சுவரோடு சாய்ந்திருந்தவளுக்கு இல்லாத பயமா?

1955 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. பால் டட்லி ஒயிட் என்ற இருதய வைத்தியர் பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வைத்து, ஜனாதிபதிக்கு மலம் கழிந்தது உட்பட எல்லாவற்றையும் விளக்கினார். சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் ஒரு தேசமே இருதயம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டது. அங்கே ஜனாதிபதியின் இருதயத்தைப் பற்றி ஊருக்கெல்லாம் சொன்னார்கள். இங்கே என் அக்காவின் இருதயத்தைப் பற்றி அக்காவுக்கே சொல்லவில்லை.

"டாக்டர்தான் சொல்ல வேண்டும், நர்ஸுக்கு என்ன தெரியும்?" என்பது அடுத்த வாதம். 1960களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் டாக்டர் மெல்ட்சரும் ரோஸ் பின்னியோ என்ற நர்ஸும் சேர்ந்து இருதய நோயாளிகளுக்கென்று தனிப் பிரிவு நடத்தினார்கள். இருதயத் துடிப்பு தாறுமாறானால், டாக்டருக்காகக் காத்திராமல் மின்னதிர்ச்சி கொடுக்க அங்கே நர்ஸுகளைப் பழக்கினார்கள். 1965-இல் நர்ஸுகளுக்கென்றே கைநூலும் வந்தது. நின்ற இருதயத்தைத் திருப்பி ஓட வைக்கத் தகுதியுள்ளவளுக்கு உப்பைப் பற்றிப் பேசத் தகுதியில்லையா? நம் வேலூரில் 1909-லேயே நர்ஸிங் பள்ளி வந்துவிட்டது. 1946-இல் பட்டப் படிப்பும் வந்தது. நான்கு வருஷம் படித்து வருகிறவர்களை நாம் ஊசி போடவும் குளுக்கோஸ் பாட்டில் மாற்றவும் வைத்திருக்கிறோம்.

பேச்சினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில், எழுபதும் அதற்கு மேலும் வயதான 282 இருதய நோயாளிகளை இரண்டு கூறாக்கினார்கள். ஒரு கூறுக்கு வழக்கமான சிகிச்சை. இன்னொரு கூறுக்கு அதோடு நர்ஸ் முன்னின்று பாடம் சொன்னார், உணவுக்கும் மாத்திரைக்கும் வழி காட்டினார்கள், வீட்டுக்குப் போனபின்னும் விசாரித்தார்கள். தொண்ணூறு நாளில் முதல் கூறில் 94 தடவை ஆஸ்பத்திரிக்குத் திரும்பினார்கள். இரண்டாவது கூறில் 53 தடவைதான். 1995-இல் அச்சான முடிவு இது. புது மருந்து எதுவும் கண்டுபிடித்துவிடவில்லை. உட்கார்ந்து பேசினார்கள், கூடவே நின்றார்கள்.

முப்பது பேருக்கு இரண்டு நர்ஸ் என்றால் எங்கே உட்காருவது என்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதை நர்ஸிடம் கேட்காதீர்கள், ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களிடம் கேளுங்கள். அக்காவின் பில்லைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பஞ்சுக்கு ஒரு வரி இருந்தது, கையுறைக்கு ஒரு வரி, சிரிஞ்சுக்கு ஒரு வரி. அந்தப் பதினைந்து நிமிஷத்துக்கு வரி இல்லை. கணக்கில் வராத வேலைக்கு யார் ஆள் போடுவார்கள்?

இரண்டாம் முறை அக்காவை அழைத்துக்கொண்டு கிளம்பியபோது, அந்த இளம் நர்ஸைத் தேடினேன். வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டதாகச் சொன்னார்கள். அலுவலகத்தில் இருந்த மானேஜரிடம் போனேன். "இருதய நோயாளி யாராக இருந்தாலும், நர்ஸ் அரை மணி உட்கார்ந்து தமிழில் சொல்லி, அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவது என்று ஒரு விதி போடுங்களேன்" என்றேன். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"நல்ல யோசனைதான் சார். ஆனா இதை எந்த ஹெட்ல சார்ஜ் பண்றது?" என்றார்.

பஞ்சை எந்தத் தலைப்பில் போட்டீர்களோ அதற்கு மேலே ஒரு வரி எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். வெளியே வண்டியில் அக்கா காத்திருந்தாள். மடியில் புது எடை மிஷின், அட்டைப் பெட்டி பிரிக்காமல்.