அந்த ஆறு மணி நேரம்

கொல்லிமலையில் வலி கண்ட தாய் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து காரவள்ளி இறங்கி, சேந்தமங்கலம் வழியே நாமக்கல் சேர்வதற்குள், வயிற்றுச் சிசு எவ்வளவு நேரம் ஆக்சிஜன் குறைவில் இருந்தது? பெரும்பாலான கேஸ் ஷீட்டுகளில் இதற்குப் பதில் இருக்காது. நாம் நேரத்தை எண்ணத் தொடங்குவதே குழந்தை பிறந்த பிறகுதான்.

செல்லின் கணக்கு வேறு. ஆக்சிஜன் போதுமானபோது எச்.ஐ.எஃப்-1 ஆல்ஃபா புரதம் உடனுக்குடன் சிதைக்கப்படுகிறது. குறைந்தால் நிலைத்து நின்று, கிளைகோலிசிஸ் நொதிகளுக்கும் எரித்ரோபொய்ட்டினுக்கும் உரிய மரபணுக்களை முடுக்குகிறது. 2019 நோபல் பரிசு பெற்ற இந்தக் கதையைப் பிழைப்புக் கதையாக மட்டுமே படிப்பது நம் வழக்கம். குறைவு கடுமையாகி நீண்டால், செல்சாவுக்குத் துணைபோகும் பி.என்.ஐ.பி-3 போன்ற மரபணுக்களையும் அதே புரதம் எழுப்புகிறது. குழந்தை மூச்சுவிடத் தொடங்கியதும் நியூரான் தேறியதுபோலத் தெரியும். சில மணி நேரம் கழித்து மைட்டோகாண்ட்ரியா மறுபடி தளர்ந்து, சைட்டோகுரோம்-சி கசிய, கேஸ்பேஸ்-9, கேஸ்பேஸ்-3 என்று ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கப்படுகின்றன. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் குளிர்விப்பைத் தொடங்கச் சொல்வது இந்த இடைவெளியை நம்பித்தான்.

ஹீலிக்ஸ் ஆய்வு அந்த நம்பிக்கையை உலுக்கியது. சென்னை உட்பட இந்தியா, இலங்கை, வங்கதேசத்தின் ஏழு பிரிவுகளில் 408 குழந்தைகள், 33.5 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரக் குளிர்விப்பு. 2021இல் வந்த முடிவின்படி, இறப்பு அல்லது கடும் குறைபாடு என்ற கூட்டு அளவீட்டில் பயன் இல்லை. இறப்பு மட்டும் குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 31. குளிர்விப்போடு எரித்ரோபொய்ட்டின் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வும் 2022இல் கைவிரித்துவிட்டது.

கருவியையோ செவிலியரையோ குறை சொல்லி இதைக் கடந்துவிட முடியாது. ஹீலிக்ஸ் குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படங்களில் பேசல் கேங்லியாவைவிட வெண்பொருள் சேதமே மிகுதி. பிரசவத்தின்போது ஒரேயடியாக மூச்சு முட்டியதை அல்ல, விட்டுவிட்டு நீண்ட குறைவையே அது காட்டுகிறது என்பது எங்கள் கணிப்பு. அப்படியானால் நாம் எண்ணத் தொடங்கும்போதே இடைவெளியின் பெரும்பகுதி கழிந்திருக்கும்.

மலையடிவாரத்துப் பிரசவக் காத்திருப்பு அறைகளை வெறும் தங்கும் வசதியாகப் பார்ப்பவர்கள் நம்மிலேயே உண்டு. நரம்பியல் பாதுகாப்பு என்று பார்த்தால் குளிர்விப்புக் கருவியைவிட அவற்றுக்கே எங்கள் வாக்கு. கையில் டாப்ளரும் அரைமணிக்கொரு முறை சிசு இதயத்துடிப்பைக் குறிக்க ஓர் ஆளும் இருந்தால்.

அடுத்த இதழிலிருந்து, மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தைகள் பற்றிய கட்டுரைகளில் வலி தொடங்கிய நேரம், மலையிலிருந்து புறப்பட்ட நேரம், வழியில் பதிவான துடிப்பு ஆகியவற்றைக் கேட்போம். பதிவில்லை என்றால் பதிவில்லை என்றே எழுதுங்கள்.