பிறருக்காக எழுதும் பேனா

திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் குறைதீர்க்கும் நாள் நடைபெறுகிறது. அன்று காலையில் வாயிலருகே மரநிழலில் சிறு மேசை போட்டு அமர்ந்து மனு எழுதித் தருவோரை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். உதவித்தொகை நின்றுபோன கதையை ஒரு மூதாட்டி அரைமணி நேரம் சொல்லுவார்; மருமகளின் பேச்சும் அண்டை வீட்டாரின் வேலித் தகராறும் அதில் கலந்து வரும். எழுதுபவர் அத்தனையையும் கேட்டுவிட்டு, பெயர், ஊர், எம்மாதம் முதல் தொகை வரவில்லை, வேண்டுவது யாது என்பவற்றை மட்டும் ஒரே பக்கத்தில் அடக்கிவிடுவார். அடியில் இருப்பது மூதாட்டியின் கைநாட்டு. எழுதியவர் பெயர் அதில் எங்கும் இராது.

இதனை இழிதொழிலாக எண்ணுவோர் உண்டு. கதையும் கவிதையும் படைப்பவரே எழுத்தாளர், கூலிக்கு எழுதுபவர் வெறும் எழுத்தர் என்பது அவர்கள் கணக்கு. நாம் அவ்வாறு கருதவில்லை. உரோமையருக்கு எழுதிய திருமுகத்தைப் பவுலடியாருக்காகக் கைப்பட எழுதியவர் தெர்த்தியு என்பவர். 16ஆம் அதிகாரத்தில் ஒரே வரியில் தம் வாழ்த்தையும் சேர்த்துவிட்டு அவர் ஒதுங்கிக்கொள்கிறார்.

இன்று இவ்வேலை மரநிழலை விட்டு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. பட்டம் பெற்றும் குழந்தைகளின் பொருட்டு வீட்டிலிருக்கும் தாய்மார்களும், ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் கணினியின் துணையோடு இதனைச் செய்து வருகின்றனர். துணிக்கடைக்கு விளம்பரத் துண்டறிக்கை, சங்கத்துக்கு ஆண்டறிக்கை, மோட்டார் பம்புக்கு உபயோகக் குறிப்பு, பள்ளிக்கு வெள்ளிவிழா மலர் எனப் பலவும் வரும். (மலரில் பத்துப் பெருமக்கள் வழங்கும் வாழ்த்துரைகளுள் எட்டு ஒரே பேனாவில் பிறந்தவை என்பது ஊரறிந்த இரகசியம்.)

இவற்றுள் எளிதாகத் தோன்றி மிகுந்த பொறுப்பைக் கேட்பது தொழில்நுட்ப எழுத்தே. பூச்சிமருந்துப் பொதியினுள் மடித்து வைக்கப்படும் தாளை எண்ணிப் பாருங்கள். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி அத்தாள் இந்தி, ஆங்கிலத்தோடு, மருந்து விற்கப்படும் வட்டாரத்தின் மொழியிலும் இருத்தல் வேண்டும். நஞ்சின் அறிகுறி, முதலுதவி, மாற்றுமருந்து ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். கலத்தின் மேலுள்ள சாய்சதுரத்தின் கீழ்ப்பாதி சிவப்பானால் மிகக் கொடிய நஞ்சு; மஞ்சள், நீலம், பச்சை எனக் கடுமை படிப்படியாகக் குறையும்.

இத்தாளைத் தமிழில் ஆக்குபவர் 'தற்காப்புச் சாதனங்களுடன் பிரயோகிக்கவும்' என்று எழுதிவிட்டு உறங்கப் போகலாம். 'கையுறையும் முகமூடியும் அணிந்து, காற்று வீசும் திசைக்கு எதிராக நில்லாமல் தெளியுங்கள்' என்றும் எழுதலாம். லிட்டருக்கு 2 மில்லி என்றிருந்தால், 16 லிட்டர் தெளிப்பானுக்கு 32 மில்லி என்று கணக்கையும் போட்டுக் கொடுக்கலாம். வயலில் நிற்பவர் அதனைக் கணக்கிட்டுக் கொண்டிரார். சில மருந்துகளை விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்தல் கூடாது. நம் மொழியிலோ மறுப்பு, வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது. 'செய்யலாகாது' என்பதில் நடுவே இரண்டெழுத்து மங்கினாலும், வரி ஒடிந்து அடுத்த பக்கத்துக்குப் போனாலும் ஒரு வீட்டில் இழவு விழக்கூடும். ஆதலின் தேர்ந்தவர்கள், 'கூடாதவை' என்று தலைப்பிட்டு அவற்றைத் தனியே நிறுத்துவார்கள். அச்சான பிரதியையும் ஒருமுறை வாங்கிப் படிப்பார்கள்.

இனி, கூலி. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பள ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதியது, மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, முதலாளிக்கு உரியது. தாமே பொறுப்பேற்று எழுதித் தருபவரின் எழுத்துக்கோ பொதுவாக முதல் உரிமையாளர் எழுதியவரே. உரிமையை மாற்றித் தருவதாயின் அது எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிக்காவிடில் 5 ஆண்டு என்றே கொள்ளப்படும். சிறு தொழிலாகப் பதிவு செய்துகொண்டவருக்கு 2006ஆம் ஆண்டின் சட்டம் வேறொரு பலம் தருகிறது. வேலையை ஏற்றுக்கொண்ட நிறுவனம் 45 நாளுக்கு மேல் பணத்தைத் தாமதித்தால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டிவீதத்தின் மும்மடங்கில் கூட்டுவட்டி தர வேண்டும். வழக்காட நாம் தூண்டவில்லை. வேலை தொடங்குமுன் பக்க அளவு, எத்தனை முறை திருத்தம், தொகை, நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் வழக்கே எழாது.

கடைக்காரரைக் குறைசொல்லி முடித்துவிட நமக்கு மனமில்லை. 'நம் பிள்ளைதானே' என்று சொல்லி, மூன்று மாத இரவுகளை இலவசமாகப் பெற்றுக்கொள்வதில் பங்குகளும் பள்ளிகளும் எவருக்கும் பின்தங்கியவை அல்ல. விழாக் கணக்கில் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் அச்சகத்துக்கும் முன்பணம் உண்டு. மலரை எழுதிய பெண்ணுக்கு மேடையில் ஒரு பொன்னாடை. அவள் வீட்டிலும் மாதக் கடைசியில் பால் கணக்கு வருகிறது. அடுத்த மலர்க்குழு கூடும்போது, செலவுப் பட்டியலில் அச்சுக்கூலிக்கு மேலே எழுத்துக்கூலி என்று ஒரு வரி சேருங்கள். தொகையை அவளிடமே கேட்டு நிரப்புங்கள்.