சிக்கனப் பயணத்தின் செலவு யார் கணக்கில்?



வடபழனியில் வாழும் எங்களுக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்பு வண்டிதான் நினைவுக்கு வரும். ஆற்காடு சாலையிலும் சாலிகிராமத்துத் தெருக்களிலும் ஓரமாக நிற்கும் நீண்ட வண்டி. உள்ளே நடிகர் ஓய்வெடுப்பார், வெளியே உதவியாளர்கள் காத்திருப்பார்கள். நடுத்தரக் குடும்பத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றே எண்ணியிருந்தோம். ஆனால் அச்சொல்லின் வேர் பாரசீக மொழியின் 'கார்வான்'. கூட்டமாகச் செல்லும் பயணிகளைக் குறிப்பது. குறைஷியரின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் நினைவூட்டும் ஒரு சூராவே திருக்குர்ஆனில் உண்டு. கதீஜா (ரலி) அவர்களின் வணிகப் பொருளோடு நபி (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்றதும் அத்தகைய ஒரு கூட்டத்தோடுதான். ஆக, கேரவன் நமக்கு அந்நியமானதன்று.

பிள்ளைகளின் ஆண்டு விடுமுறையில், ஏப்ரல் இறுதியில், நியூசிலாந்தின் தென்தீவை ஒரு மோட்டார்ஹோமில் பன்னிரண்டு நாள் சுற்றி வந்தோம். படுக்கை, அடுப்பு, குளிர்ப்பெட்டி, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அடங்கிய வண்டி அது. ஊர் திரும்பியதும் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நண்பர்கள் கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு ஆயிற்று?" தொகையைச் சொன்னோம், இவ்வளவுதானா என்று வியந்தார்கள். ஆனால் அத்தொகையில் சேராத ஒரு கணக்கும் இருந்தது. அதைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

சிக்கனம் மார்க்கம் விரும்பும் பண்பு; வீண்விரயம் அது வெறுக்கும் குணம். இதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும், செலவைக் குறைப்பது வேறு. செலவைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டுக் குறைந்துவிட்டது என்று மகிழ்வது வேறு. பயணங்களில் இவ்விரண்டையும் நாம் எளிதில் குழப்பிக்கொள்கிறோம்.

முதலில், உண்மையாகவே குறையும் செலவுகளைச் சொல்லிவிடுகிறோம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நியூசிலாந்தில் கோடை. வண்டி வாடகை உச்சத்தில் இருக்கும். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி மூடும் ஏப்ரல், மே மாதங்கள் அங்கே இலையுதிர்காலம், வாடகை இறங்கிவிடும். குளிரைப் பொறுத்துக்கொண்டால் போதும். ஓர் ஊரில் குவிந்துவிட்ட வண்டிகளை மற்றோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்களுக்கு மிகச் சொற்ப வாடகையில், சில வேளைகளில் நாளுக்கு ஒரு டாலருக்கே, வண்டி தரும் வழக்கமும் அங்கு உண்டு. நாள்கள் குறைவு, தேதி அவர்கள் சொல்வது. நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டும் நாடு. வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண மோட்டார்ஹோமுக்குக் கார் ஓட்டும் உரிமமே போதும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஓராண்டு செல்லத்தக்க சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் பெற்று, மூல உரிமத்தோடு சேர்த்து எடுத்துச் செல்வது நல்லது. அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்களில் 'அடிப்படை' வகையைச் சேர்ந்தவற்றில் பெரும்பாலும் கட்டணமே இல்லை.

மறைந்திருக்கும் செலவுகளும் உண்டு. டீசல் வண்டிக்கு ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்பச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணம் தனியே வரும். வண்டியைத் திருப்பித் தரும்போதுதான் பலர் அதை அறிகிறார்கள். வண்டிக்குச் சேதம் நேர்ந்தால் நாம் ஏற்கவேண்டிய தொகை சில ஆயிரம் டாலராக இருக்கும். ஒப்பந்தத்தை முழுதும் படித்தபின் கையொப்பமிட வேண்டும். வெளிநாட்டுப் பயணிகளிடம் பெறும் பாதுகாப்பு மற்றும் சுற்றுலா வரி 2024 அக்டோபர் முதல் ஆளுக்கு 100 நியூசிலாந்து டாலர். ஏழு வயது நிறையாத பிள்ளைக்குத் தனி இருக்கை கட்டாயம். ஊறுகாய், கருவாடு, மசாலாப் பொடி எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம். அறிவித்தால் அதிகபட்சம் பொருள்தான் போகும்.

நம் வணக்க வழிபாடுகளுக்கு இந்த வண்டி இசைவாக இருந்தது. உணவைப் பற்றிய ஐயம் இல்லை. பாத்திரமும் நம்முடையது, சமையலும் நம்முடையது. நியூசிலாந்து ஹலால் ஆட்டிறைச்சியை ஏராளமாக ஏற்றுமதி செய்யும் நாடு. ஆயினும் கடையில் கேட்டறிந்து வாங்குவதே முறை. தொழுகை நேரம் வந்தால் ஓய்விடத்தில் வண்டியை நிறுத்திவிடலாம். சென்னையில் மேற்கு நோக்கித் தொழுது பழகிய நமக்கு அங்கே கிப்லா மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்கிறது. பயணத் தொழுகையைச் சுருக்குவதில் ஷாஃபி, ஹனஃபி மத்ஹபுகளுக்கிடையே நாள் கணக்கில் வேறுபாடு உண்டு. சேர்த்துத் தொழும் சலுகையிலும் வேறுபாடு உண்டு. புறப்படும் முன்பே நம் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுத் தெளிந்துகொண்டோம். கிரைஸ்ட்சர்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை வருமாறு நாள்களை அமைத்து, மஸ்ஜித் அந்நூரில் ஜும்ஆ தொழுதோம். 2019 மார்ச் 15 அன்று அங்கும் லின்வுட் பள்ளிவாசலிலும் 51 பேர் கொல்லப்பட்டார்கள். அதே இடத்தில் வரிசை நிறைந்திருந்ததைப் பிள்ளைகள் பார்த்தார்கள். அவர்களுக்கு நாங்கள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இனி, அந்த மற்றொரு கணக்கு.

நான்காம் நாள் டெக்காப்போ ஏரிக்கரையில் தங்கினோம். 2012-இல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பகுதி அது. வடபழனியில் விரல்விட்டு எண்ணும் விண்மீன்களையே கண்ட பிள்ளைகள், வானத்தைப் பார்த்துப் பேச்சற்று நின்றார்கள். நாங்கள் அனைவரும் வெளியே நின்றிருக்க, குடும்பத் தலைவி மட்டும் வண்டிக்குள் இரண்டு அடுப்புகளுக்கு முன் குனிந்து இரவுச் சோறு சமைத்துக்கொண்டிருந்தார். மூத்த மகள் கேட்டாள்: "அத்தா, அம்மாவுக்கு மட்டும் லீவு இல்லையா?"

எங்களில் வண்டி ஓட்டியவருக்கு உடனே ஒரு பதில் வந்தது: நாள் முழுதும் ஓட்டுவது நான்தானே என்று. ஆனால் அது பதிலன்று. ஓட்டுபவர் மலைகளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார். மாலையில் அவர் வேலை முடிகிறது. சமைப்பவருக்கு வண்டி நின்ற பிறகுதான் வேலை தொடங்குகிறது. உணவகம் போகாததால் மிச்சமாயிற்று என்று நாங்கள் குறித்து வைத்த டாலர்கள் அனைத்தும் ஒரே பெண்ணின் உழைப்பு. வீட்டிலாவது அரைத்து வைக்க இயந்திரம் உண்டு, நிமிர்ந்து நிற்க இடம் உண்டு. வெளிநாடு சென்று அதைவிடக் குறுகிய அடுக்களையில் அவரை நிறுத்திவிட்டு, மலிவாக முடித்தோம் என்று சொல்வது எவ்வகை நியாயம்? வீட்டில் நபி (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்ததை எத்தனையோ பயான்களில் கேட்டிருக்கிறோம். அதைச் செயலில் காட்டப் பத்தடி அடுக்களை ஒன்று போதுமாயிருந்தது. ஐந்தாம் நாள் முதல் காலை உணவு பிள்ளைகள் பொறுப்பு. இரவு உணவும் பாத்திரமும் ஆண்கள் பொறுப்பு. இரண்டு நாள்களுக்கு ஒரு முறை வெளியில் உணவு. செலவு கூடியது. சோறும் இரு முறை குழைந்தது.

அடுத்தவர், நம்மை விருந்தினராக ஏற்ற நாட்டு மக்கள். கட்டணமின்றித் தங்குவோர் ஆற்றங்கரைகளை அசுத்தப்படுத்தியதால் எழுந்த மனக்குறைகள் அங்கே பல. 2011-இல் ஒரு சட்டம் வந்தது; 2023-இல் அது இறுக்கப்பட்டது. நகராட்சி நிலத்தில் அவ்வாறு தங்க, நிலையாகப் பொருத்திய கழிப்பறையோடு சான்று பெற்ற வண்டியே வேண்டும். மீறினால் நூற்றுக்கணக்கான டாலர் அபராதம். கழிவுத் தொட்டியை அதற்கென அமைந்த இடத்தில்தான் காலி செய்ய வேண்டும். பாதையிலும் நிழலிலும் நீர்நிலையோரத்திலும் அசுத்தம் செய்வதைத் தடுத்த நபியின் உம்மத்துக்கு இது புதிய சட்டமா? ஒரு முத்து அளவு நீரில், அதாவது ஏறத்தாழ இரு கைகள் நிறைய அள்ளும் நீரில், அவர்கள் உளூச் செய்தார்கள் என்று படித்திருக்கிறோம். சென்னையில் குழாயைத் திறந்துவிட்டு உளூச் செய்யும் எங்களுக்கு, வண்டியின் சிறு தொட்டிதான் அந்த அளவைக் கற்றுத் தந்தது. மெதுவாகச் செல்லும் நம் வண்டிக்குப் பின்னால் நாலைந்து கார்கள் சேர்ந்துவிட்டால், ஓரம் ஒதுங்கி வழிவிடுவதும் இதே கணக்கில் சேரும். அவர்களின் நேரமும் செலவுதான்.

மூன்றாமவர் ஊரிலேயே இருக்கிறார். நாம் வெளியூர் செல்லும் நாள்களில், வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வது நம் தெருக்களில் பரவலான வழக்கம். வேலை இல்லையே என்கிறோம். விடுமுறை எடுத்தது நாம். சம்பளம் இழப்பது அவர். அவர் வீட்டு வாடகை அந்த இரு வாரங்களுக்குக் குறைவதில்லை. புறப்படும் முன் அவருடைய முழு மாதச் சம்பளத்தையும் கையில் கொடுத்துவிடுவதைப் பயணச் செலவின் முதல் வரியாக எழுதவேண்டும் என்பது எங்கள் கருத்து.

இத்துடன் பணத்தின் மூலத்தையும் பார்க்க வேண்டும். இப்போது பறந்துவிட்டுப் பிறகு தவணையில் கட்டுங்கள் என்று அழைக்கும் விளம்பரங்களில் வட்டி ஒளிந்திருக்கிறது. ஓய்வுக்காக வட்டியில் இறங்குவதற்கு எந்த நிர்ப்பந்தமும் இல்லை. மாதந்தோறும் சேமித்துச் செல்பவர்களும் ஒன்றை மறக்கிறார்கள். பயணத்துக்கென்று தனியே ஒதுக்கிய பணமும் நிஸாபை எட்டி ஓராண்டு நிறைந்தால் அதற்கும் இரண்டரை விழுக்காடு ஜகாத் உண்டு. அது ஏழையின் பங்கு. நம் விமானச் சீட்டுக்குரியதன்று. அச்சேமிப்பு ஹஜ்ஜுக்குப் போதுமானதாக வளர்ந்துவிட்டால், எது முந்தியது என்று ஓர் ஆலிமிடம் கேட்டுக்கொள்வதும் கடமை.

இவ்வளவையும் கணக்கில் சேர்த்தால் பயணமே வேண்டாமென்று தோன்றுமோ என்று சிலர் கேட்கலாம். எங்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. நாள்களைக் குறைக்கலாம், தொலைவைக் குறைக்கலாம், ஓராண்டு கழித்துப் போகலாம். பள்ளிவாசல் வாயிலில் நாங்கள் சொன்ன தொகையைத் திருத்தி, அடுத்த வாரம் நண்பர்களிடம் மறுபடியும் சொன்னோம். முன்னதைவிட அது அதிகம்தான். ஒருவர் சிரித்தார், மற்றொருவர், தம் வீட்டு அக்காவுக்குச் சென்ற மாதம் பிடித்த சம்பளத்தை நினைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை எவருக்கும் பாரமில்லாதவையாக ஆக்கி, நம்மை நலமுடன் வீடு சேர்ப்பானாக. ஆமீன்.