பேட்டரி மேல பழி போடாதீங்க!

மாமா பழைய வேன் ஒண்ணை வாங்கி படுக்கை, சின்ன ஃப்ரிட்ஜ், ஃபேன் எல்லாம் வச்சு மாத்தினார். கூரையில 100 வாட் சோலார் பேனல் ரெண்டு. குடும்பத்தோட ஊர் சுத்தணும்னு ரொம்ப நாள் ஆசை. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கே ஃப்ரிட்ஜ் நின்னுடும். "பேட்டரி செத்துப்போச்சு மக்ளே"ன்னார். கடையிலயும் அதேதான்... புதுசு போடுங்க!

"கொஞ்சம் பொறுங்க மாமா"ன்னு மல்டிமீட்டரை எடுத்தேன். நல்ல உச்சி வெயில். சார்ஜ் கன்ட்ரோலர் முனையில 14.4 வோல்ட். பேட்டரி முனையில 13.3 தான். நடுவுல 1.1 வோல்ட் எங்க போச்சு?

ஒயர்ல போச்சு. கன்ட்ரோலர் டிரைவர் சீட் பக்கம், பேட்டரி பின்னாடி கட்டிலுக்கு அடியில. நடுவுல வீட்டு வயரிங்குக்குப் போடுற 1.5 ஸ்கொயர் எம்.எம். ஒயர், போக 5 மீட்டர், வர 5 மீட்டர். அதுல 9 ஆம்பியர் ஓடினா 1 வோல்ட்டுக்கு மேல விழத்தான் செய்யும். கன்ட்ரோலரோ தன் முனையில 14.4 வந்ததும் பேட்டரி நிறையப் போகுதுன்னு நினைச்சு கரண்டைக் குறைச்சிடும். பேட்டரி தினமும் அரைப்பட்டினி. லெட் ஆசிட் பேட்டரி இப்படியே மாசக்கணக்கா கிடந்தா தகட்டுல சல்பேட் படிஞ்சு நிஜமாவே செத்துடும். புதுசு போட்டிருந்தா அதுக்கும் அதே கதிதான்.

கன்ட்ரோலரை பேட்டரி பக்கத்துக்கு மாத்தி, நடுவுல 6 ஸ்கொயர் எம்.எம். ஒயர் ஒரு மீட்டர் போட்டோம். நீள ஒயர் இப்போ பேனல் பக்கம். அங்க 18 வோல்ட் வரைக்கும் வரும், ஒரு வோல்ட் போனா பரவாயில்ல. இன்னொண்ணு, பேட்டரி பிளஸ் பக்கம் ஃபியூஸே இல்ல! ஒயர் உரசி ஷார்ட் ஆனா, அதுக்கு மேலதான் பிள்ளைங்க படுத்திருக்கும். நினைச்சாலே பயமா இருக்கு. முதல்ல அதைப் போட்டோம். அதே பழைய பேட்டரிதான், ஃப்ரிட்ஜ் இப்போ விடிய விடிய ஓடுது :)

அதுக்காக பேட்டரியே கெடாதுன்னு சொல்லல. முழுசா சார்ஜ் ஏத்தி, எல்லாத்தையும் கழட்டி, சில மணி நேரம் சும்மா விட்டு அளங்க. 12.6க்கு மேல நின்னா இன்னும் உயிர் இருக்குன்னு நம்பலாம். சார்ஜ் ஏத்தியும் 12ஐத் தாண்டலைன்னா கடைக்காரர் சொன்னது சரி.

மாமாவுக்கு இது சுற்றுலா ஆசை. திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் வடிவமைச்ச சோலார் இஸ்திரி வண்டி ஞாபகம் இருக்கா? 2021ல கிளாஸ்கோ காலநிலை மாநாடு வரைக்கும் பேசப்பட்டது. அந்த மாதிரி வண்டியில சார்ஜ் ஏறலைன்னா ஒரு நாள் கூலியே போயிடும். அப்போ "பேட்டரியை மாத்து"ன்னு வாய்ல வந்ததைச் சொல்றது எவ்வளவு பெரிய அநியாயம்?

பேனல் வாங்கச் சொல்ற நாம, அளக்கக் கத்துக்கொடுக்கறதில்ல. மயிலாடியில உளிச்சத்தம் கேட்டு வளர்ந்தவங்களுக்கு இது தெரியணும். அளந்து கோடு போடாம எந்தச் சிற்பியும் கல்லுல கை வைக்க மாட்டார். சில நூறு ரூபா மீட்டர் ஒண்ணு வண்டியிலயே கிடக்கட்டும் மக்களே!